பீலிக்கரைப் பேச்சு

“என் மக பேரைக் கெடுத்துட்டாங்க! நீங்கதான் ஒரு வழி சொல்லணும் கங்காணி ஐயா!”

மாரியம்மன் கோயில் வாசலில் நின்று இராக்கம்மா மண்ணை வாரித் தூற்றினாள். ஞாயிற்றுக்கிழமை, பேர் கொடுக்கக் காலைப் பெரட்டு இல்லை, பறிக்கக் கொழுந்து இல்லை. தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில் இருந்த அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். ஓசியில் கூத்து நடந்தால் வராமல் இருப்பார்களா?

பெரிய கங்காணி கணபதி கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டே விசாரணையைத் தொடங்கினார்.

“அப்படி என்னம்மா பேசிக்கிறாங்க?”

“என் மக நல்லம்மாவும் அந்த வீரய்யாவும் தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில நின்னு ஒரே சிரிப்பாம். குடம் நிறைஞ்சு வழியுறதுகூடத் தெரியாத பேச்சாம். லயம் பூரா இதே கதை. மடுல்சீமையிலேருந்து பொண்ணு கேட்டு வந்தவங்க இதைக் கேட்டுட்டுத் திரும்பியே பார்க்கல. இனி இவளை எவன் கட்டுவான்?”

நல்லம்மாவுக்குப் பதினைந்து வயது. வீரய்யாவுக்கு ஒரு வயது கூட. இருவரும் கூட்டத்துக்கு நடுவில் நின்றார்கள். அவளுக்கு அழுகை முட்டியது. ஒன்று இவன் கையால் கழுத்தில் தாலி ஏறும், இல்லாவிட்டால் இனி இவனோடு பேச்சே கிடையாது. எப்படிப் பார்த்தாலும் சிரிப்பு போய்விடும்.

“ஏண்டா, அந்தப் புள்ளைகிட்ட அப்படி என்னடா பேசுன?” என்று கங்காணி வீரய்யாவைக் கேட்டார்.

“தொரை குதிரையிலேருந்து தண்ணி ஓடுற கானுக்குள்ள விழுந்தாருங்க. அதைத்தான் நடிச்சுக் காட்டுனேன்.”

“பொய் சொல்லாத. எப்படி விழுந்தாரு?”

வீரய்யா விழுந்து காட்டினான். சேற்றுக்குள் தொப்பியைத் தேடித் தவழ்ந்தும் காட்டினான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கங்காணிக்கும் மீசை துடித்தது. துரை காதுக்குப் போய்விட்டால் தன் கதி என்ன என்று நினைத்து, இருமிச் சமாளித்தார்.

“சிரிச்சது போதும். வயசுக்கு வந்த புள்ளை ஒரு பயலோட பேசுனா நாலு பேர் நாலு விதமாத்தான் பேசுவாங்க. நல்லம்மா, அவன் உனக்கு என்ன முறை?”

“முறை ஒண்ணும் இல்லைங்க. கூட்டாளி.”

“பொம்பளைப் புள்ளைக்கு ஆம்பளைக் கூட்டாளியா!” என்று ஒருத்தி மூக்கில் விரலை வைத்தாள். அந்தச் சொல்லை ஆண்கள் தங்களுக்குள் மட்டும் பங்கு போட்டு வைத்திருந்த காலம் அது.

இராக்கம்மா முந்திக்கொண்டாள். “பார்த்தீங்களா ஐயா? பேசாம இந்தக் கோயில்லயே ஒரு மஞ்சக்கயித்தைக் கட்டிவிடச் சொல்லுங்க. என் மானமாவது பொழைக்கும்.”

“ஐயோ, இவனையா?”

“ஐயோ, இவளையா?”

இரண்டும் ஒரே நேரத்தில் அலறின.

கங்காணி தாடையைத் தடவினார். யாருக்கு யார் என்ன முறை என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

“சரி. மனசுல கள்ளமில்லேன்னா சூடத்தை அணைச்சுச் சொல்லுங்க. இவன் உனக்கு அண்ணன், அவ உனக்குத் தங்கச்சி. ஆத்தா முன்னால ஒருதரம் சொல்லிட்டா அந்த முறையை யாராலயும் மாத்த முடியாது. அப்புறம் பேசுறவன் நாக்கை நான் கவனிச்சுக்கிறேன். சொல்ல முடியாதுன்னா இப்பவே தாலி.”

பூசாரி இரண்டு கட்டிச் சூடத்தைக் கொளுத்தினார்.

“ஐயா, கொஞ்சம் பொறுங்க ஐயா...” என்றாள் இராக்கம்மா. யார் கேட்டார்கள்?

“அண்ணே!” என்று நல்லம்மா உள்ளங்கையால் ஒன்றை அணைத்தாள்.

“தங்கச்சி!” என்று வீரய்யா மற்றதை அணைத்தான். சுட்ட கையை உதறிக்கொண்டே, “தொரைசாணி வழுக்குனதை நாளைக்குச் சொல்றேன்” என்று அவள் காதில் கிசுகிசுத்தான். அவளுக்கு அங்கேயே சிரிப்பு பீறிட்டது.

கூட்டம் கலைந்தது. இராக்கம்மா மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“ஏம்மா அழுவுற? உன் மக மேல விழுந்த பழிதான் போயிருச்சே” என்றார் கங்காணி.

“பழியா போச்சு? மருமகனில்ல போயிட்டான்! அத்தனை தூரம் மடுல்சீமைக்குக் கட்டிக் குடுத்தா மக முகத்தைப் பார்க்க முடியாதேன்னு, இந்தப் பயலையே வளைச்சுப் போட, லயம் லயமா ஏறி இறங்கி அந்தக் கதையைக் கட்டிவிட்டதே நான்தானே ஐயா!”