மங்கலாகவே வரட்டும்

ஊர் முழுக்க மலிவு விலையில் வைஃபை கொடுக்க வந்த டெக்னீஷியன், ஜன்னலுக்கு வெளியே சுவரில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தார். வீட்டுக்கார அம்மாள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“தம்பி, வீடியோ கால்ல படம் மங்கலாவே வரட்டும்ப்பா.”

“எல்லாரும் தெளிவா வேணும்னு உயிரை வாங்கறாங்க. உங்களுக்கு என்னம்மா?”

“தினமும் எங்க வீட்டுக்காரர்கிட்ட பெரிய பையன் மாதிரி பேசறது எங்க சின்னவன். பெரியவன் விபத்துல போய் ஆறு மாசமாச்சு. இவர் நெஞ்சு தாங்காதுன்னு மறைச்சுட்டோம்.”

டெக்னீஷியன் ஆன்டெனாவிலிருந்து கையை எடுத்தார். அதற்குள் சிக்னல் முழுசாக ஏறிவிட்டது.

உள்ளே கட்டிலில் படுத்தபடி வீடியோ காலில் இருந்த அவள் கணவர் போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“அட, சின்னவனா பேசறே? ஆமா, உன் பின்னாடி அண்ணன் ஏன்டா பேசாம நிக்கறான்?”