பெயர் மெட்டு

"வாசல்லயே நில்லு. உன் மெட்டைப் பாடினாத்தான் உள்ள விடுவேன்."

ஐந்து வயது கஸ் இடுப்பில் கைவைத்து, "பாப்-டி-பூ, ஸ்கீ" என்று பாடினான். உள்ளே இருந்த பிள்ளைகள் அதையே திருப்பிப் பாடினார்கள். பாட்டு டீச்சர் மிஸ் ஓடெல் வழிவிட்டார்.

நியூ ஆர்லியன்ஸில் அந்தச் சர்ச் கூடத்தில் பல வருஷமாக இதுதான் சட்டம். அங்கே சொல்லித்தருவது சொல்லே இல்லாத ஜாஸ் பாட்டு. வாயில் வருகிற ஓசையெல்லாம் பாட்டுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயர் மெட்டு உண்டு. எந்தக் கதவைத் தட்டினாலும் அதைப் பாட வேண்டும், உள்ளே இருப்பவர்கள் பதில் பாட வேண்டும். அடுத்தவர் மெட்டைத் திருடக் கூடாது.

நெட்டி மட்டும் பாடாமல் வந்து பியானோவுக்கு அடியில் உட்கார்ந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன் அவள் அப்பா வீட்டுக் கதவைத் திறந்தபோது யாரோ ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு ஓடிவிட்டான். அப்போது பக்கத்தில் இருந்தவள் இவள்தான். அன்றோடு பேச்சு நின்றுபோனது.

"போலீஸ்காரர் தினம் பொம்மை வாங்கிட்டு வந்து கேக்கறாரு," என்றாள் அவள் அம்மா லவெர்ன். "வாயே திறக்கல. அந்தப் பாவி இதே தெருவில நடமாடிட்டு இருப்பானோன்னு நினைச்சா வயிறு எரியுது மிஸ் ஓடெல்."

"பேச வேண்டாம் கண்ணு, பாடட்டும். நீ பின்னால உக்காரு."

மிஸ் ஓடெல் பியானோவில் தாளம் பிடித்தார். "குட்டிகளா, இன்னிக்கு நம்ம வீட்டுச் சத்தத்தைப் பாடறோம். திங்கக்கிழமைன்னா நம்ம ஊர்ல எல்லார் வீட்டு அடுப்புலயும் என்ன இருக்கும்?"

"சிவப்பு பீன்ஸ்."

"அது எப்படிப் பாடும்?"

"புளப்... புளப்... ஷ்ஷூ."

"எங்க வீட்டு பீன்ஸ் கருகித்தான் பாடும்," என்றான் கஸ்.

"உங்கம்மா காதுல விழட்டும், அப்புறம் நீ பாடுவே."

பிள்ளைகள் சிரித்து ஓய்ந்தபோது பியானோவுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டக், டக், டக்."

நெட்டி. மிஸ் ஓடெலின் கை தாளத்தை விடவில்லை.

"டக், டக், டக். தூ-வீ-யா, பப்."

பிறகு நெட்டி இரண்டு கையாலும் தரையை ஓங்கி அறைந்தாள். "டாம். டாம்."

பழக்கத்தில் பிள்ளைகள் எல்லோரும் பதில் பாடினார்கள். "தூ-வீ-யா, பப்."

பியானோ நின்றுவிட்டது.

லவெர்ன் ஓடிவந்து மகளை வாரி அணைத்துக்கொண்டு அழுதாள். "சத்தம் வந்திருச்சு என் தங்கத்துக்கு. நடுவுல வந்த அந்த மெட்டு, இங்க கத்துக்கிட்டதா?"

"இங்க இருக்கிற எந்தப் பிள்ளையோடதும் இல்ல."

"அப்ப சுட்டவன் பாடினதா?"

மிஸ் ஓடெல் பியானோவை மூடினார். "அந்தப் போலீஸ்காரரைப் போய்ப் பாரு. அவர்கிட்ட இதையே பாடிக் காட்டு. யாரோடதுன்னு கேட்டா, என்கிட்ட அனுப்பு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"பிள்ளைகளைக் கூட்டிட்டுப் பின்வாசல் வழியாப் போ. எல்லாரையும். சீக்கிரம் கண்ணு."

"ஏன் மிஸ் ஓடெல்?"

"சொன்னதைச் செய்யி."

கடைசிப் பிள்ளையும் போனபின் மிஸ் ஓடெல் பின்கதவைத் தாழிட்டுவிட்டு, கூடத்தின் நடுவில் வந்து நின்றார். வெளியே கார் நின்ற சத்தம் கேட்டது. முன்கதவில் டக், டக், டக். பிறகு விசில்: தூ-வீ-யா, பப்.

முப்பது வருஷத்துக்கு முன், முதன்முதலாக ஒரு பிள்ளைக்கு அவர் கட்டிக்கொடுத்த பெயர் மெட்டு அது. வகுப்பு கலைந்தபின் தினமும் அம்மாவை வீட்டுக்கு அழைத்துப்போக வரும் அவர் மகன், பதில் பாட்டு வராததால் மறுபடியும் தட்டினான்.