பூட்டிக்கொண்ட துப்பாக்கி

பெண் பார்த்த அன்று கூடத்தில் இருந்தவர்கள் வைரவன், மனைவி செண்பகம், மகள் இளவேணி, மாப்பிள்ளைப் பையன் அமுதன், அவன் தகப்பனார் மாசிலாமணி. இடுப்பில் கைத்துப்பாக்கி இல்லாத குடும்பத் தலைவரை யாரும் மதிக்காத காலம் அது. வைரவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பேச்சின் நடுவே, வைத்திருப்பவரின் மனநிலையைக் கணிக்கும் அவருடைய துப்பாக்கி வாய் திறந்தது: “உரிமையாளருக்கு உயிர்மேல் சலிப்பு. அவரைக் காக்கப் பூட்டிக்கொள்கிறேன்.”

“என்ன சம்பந்தி, உங்ககிட்டேருந்தே உங்களுக்குக் காவலா?” என்று சிரித்தார் மாசிலாமணி. துப்பாக்கி பூட்டிக்கொண்ட வீட்டில் யாரும் பெண் எடுப்பதில்லை.

செண்பகம் கணவர் பக்கம் திரும்பினாள். “எத்தனை நாளாங்க இப்படி?”

“வந்தவங்களுக்குக் காப்பி குடு,” என்றார் வைரவன்.

அவர் துப்பாக்கியை நீட்டி அவர்களை விரட்டியதாக ஊரில் பேச்சு. பொய். காப்பியைக் குடித்துவிட்டு அவர்களாகவே போனார்கள். எழுந்து வழியனுப்பக்கூட அவருக்குத் தெம்பில்லை.