ஒப்புக்கொள்ளாத கிருமி

சமையல்காரம்மா ஒப்புக்கொண்டுவிட்டார். "என் விரல்ல புண்ணு. அதனாலதான் எல்லாருக்கும் இப்படி ஆச்சு" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

தொழிற்சாலை கேன்டீனில் மதியம் மசித்த உருளைக்கிழங்கு சாப்பிட்ட நாற்பது பேர், பொழுது சாய்வதற்குள் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்திருந்தார்கள். மூன்று பேருக்கு இன்னும் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

பரிசோதனைக்கூடத்தில் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர் வாங்கியிருந்த டெக்னீஷியன் மட்டும் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மறுத்தாள்.

கேன்டீன் மேலாளர் நேரிலேயே வந்து குதித்தார். கிழங்கிலும் அதே கிருமி, விரலிலும் அதே கிருமி, அந்தம்மாவே ஒப்புக்கொண்ட பிறகு இன்னும் என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கிறது என்றார்.

"அவங்க ஒப்புக்கிட்டாங்க சார். அவங்க விரல்ல இருக்கிற கிருமி ஒப்புக்கலையே."

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டும் திராட்சைக் கொத்து மாதிரி ஒன்றாகத்தான் தெரியும்; இனமும் ஒன்றுதான், ஆனால் வகை வேறு என்று விளக்கினாள். கிழங்கில் இருந்தது நஞ்சு சுரக்கும் வகை. விரலில் இருந்தது சுரக்காத வகை. இரண்டு தடவை சோதித்துப் பார்த்தாயிற்று.

மேலாளர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தம்மாவை வேலையைவிட்டு நிறுத்தியாச்சு, நாளைக்கு கேன்டீனைத் திறந்தாகணும் என்றார்.

"அப்போ அந்தக் கிருமியைச் சுமக்கிற ஆள் நாளைக்கும் அடுப்படியில நிப்பாங்க. யாருக்காவது உயிரே போச்சுன்னா, அதுக்கு நீங்க கையெழுத்துப் போடறீங்களா சார்?"

அவர் விருட்டென்று கிளம்பிப் போய்விட்டார். கேன்டீன் திறக்கவில்லை.

மறுநாள் அவளே போய், சமையற்கட்டில் கால் வைத்த ஆறு பேரின் மூக்கிலும் விரல்களிலும் மாதிரி எடுத்தாள். சோதனைக் குழாய்களில் பெயர் இல்லை, எண் மட்டும். மூன்று நாள் ஸ்டூலைவிட்டு நகரவில்லை. மறுபடி சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்று யாராவது வந்து சொன்னால்தான் எழுந்தாள்.

நான்காம் எண் பொருந்தியது. அதே வகை, அதே நஞ்சு. பட்டியலைப் பார்த்தாள். பாத்திரம் தேய்க்கிற அம்மா.

கிருமி இருந்தது மூக்கில். நல்ல ஆரோக்கியமான ஆட்களுக்கும் அப்படி இருக்கும், இருப்பதே தெரியாது. இவர்மேல் தப்பில்லை, சிகிச்சை முடிந்து மறுபடி சோதித்ததும் வேலைக்குத் திரும்பலாம் என்று ரிப்போர்ட்டில் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு சமையல்காரம்மாவை வரவழைத்து விஷயத்தைச் சொன்னாள். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், அவருக்கு முகம் செத்துப்போனது.

"அவ வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?"

ஆகாது என்றதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. டெக்னீஷியனுக்குச் சுருக்கென்றது.

"தெரிஞ்சேதான் பழியை உங்க தலையில போட்டுக்கிட்டீங்களாம்மா?"

சமையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் அன்னைக்குக் கிழங்கைத் தொடவே இல்லைம்மா. 'புண்ணு விரலோட நீ தொட்டா, சாப்பிடறவங்களுக்கு ஆகாது'ன்னு, அவளா வந்துதான் எனக்குப் பதிலா மசிச்சுக் கொடுத்தா. அவளைப் போய் எப்படிம்மா காட்டிக்கொடுக்கிறது?"