நாற்பத்து மூன்று நம்பர், ஒரே குரல்

"நாப்பத்தி மூணு நம்பர் சார். எதுக்குப் போன் போட்டாலும் ஒரே பொம்பளதான் எடுக்கறா," என்றார் ஏட்டு ராஜாங்கம்.

எஸ்.ஐ. பூமாலை ஜீப்பை ஓரங்கட்டச் சொன்னார். கரியாலூரைத் தாண்டி அரை மணி நேரம் ஆகியிருந்தது. இதற்கு மேல் ரோடு கிடையாது, நடராஜா சர்வீஸ்தான்.

"எடுத்து இன்னா சொல்றா?"

"ஆளு இல்லீங்க, வந்தா சொல்றேன்றா. அப்புறம் நம்ம பேரைக் கேட்டு எழுதிக்கினு போனை வச்சிட்றா சார்."

எத்தனை தைரியம் பாருங்கள். கீழே கன்ட்ரோல் ரூமில் ஒரு வாரமாக இதே பேச்சு. நாற்பத்து மூன்று செல்போன், நாற்பத்து மூன்று பேர் பெயரில். காலை ஏழு மணிக்கு மலையுச்சியில் எல்லாம் ஒன்றாக உயிர் பெறும். பொழுது சாய்ந்ததும் ஒன்றாக அணைந்துவிடும். நடுவில் ஓர் அடி இப்படி அப்படி நகராது. பேங்க்கிலிருந்து ஓ.டி.பி. வருகிறது, ரேஷனிலிருந்து வருகிறது, கேஸ் கம்பெனியிலிருந்தும் வருகிறது. ஊரை ஏமாற்றும் ஆன்லைன் கும்பல் ஆபீஸ் டைம் வைத்து வேலை செய்கிறது என்று எல்லோரும் முடிவு கட்டியாயிற்று.

பூமாலைக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று இருந்தது. மனைவி பச்சையம்மாள் திருநாவலூரில் தாய்வீட்டில் பெண் குழந்தை பெற்று இன்றோடு இருபத்திரண்டு நாள். மனிதர் போட்டோவில் பார்த்ததோடு சரி. பந்தோபஸ்து, பந்தோபஸ்து என்று மூன்று தடவை லீவு ரத்தாகிவிட்டது. கடைசியில் டி.எஸ்.பி.யே கூப்பிட்டு, கும்பலைப் பிடித்துக்கொண்டு வா, பத்து நாள் லீவு என் பொறுப்பு என்று சொல்லியிருந்தார்.

இருவரும் லுங்கி கட்டி, தோளில் சாக்குப் போட்டு, கடுக்காய் வியாபாரிகளாக மலை ஏறினார்கள். ராஜாங்கத்துக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அந்தப் பொம்பளை கத்தி கித்தி வைத்திருந்தால் என்ன செய்வது என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். குழந்தைக்கு என்ன பேர் வைக்கலாம் என்று பூமாலை யோசித்துக்கொண்டே நடந்தார்.

எதிரே மண்வெட்டியோடு ஒருவர் இறங்கி வந்தார். யார், எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு, தன் பெயர் வேடியப்பன் என்றும் சொன்னார். மேலே யாராவது இருக்கிறார்களா என்று பூமாலை மெதுவாகத் தூண்டில் போட்டார்.

"ஆபீஸ்ல சாலம்மா கீது. போய்ப் பாருங்க," என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார் வேடியப்பன்.

ஊரே உடந்தை. பூமாலைக்குக் கை பரபரத்தது. இடுப்பில் துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கடைசித் திருப்பத்தில் ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கினார். மேலிருந்து நாலைந்து போன்கள் ஒரே சமயத்தில் அடித்தன. சந்தேகமே இல்லை, இதுதான் இடம்.

"போலீஸ்! அசையாதே!"

பாய்ந்து வந்த பூமாலை, தானே அசையாமல் நின்றுவிட்டார்.

அங்கே கட்டடம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. ஒரு பலாமரம் மட்டும் இருந்தது. அதன் கிளையெல்லாம் மஞ்சள் பைகள். ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு பட்டன் போன். அடியில் ஒரு பெண் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

"இன்னாங்க, போன் மாட்டணுமா?" என்றாள் சாலம்மாள்.

விசாரணை இரண்டே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஊரில் எங்கும் டவர் எடுக்காது. இந்த மரத்துக் கிளையில் மட்டும் எடுக்கும். காட்டு வேலைக்குப் போகிறவர்கள் காலையில் போனை மாட்டிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வந்து கழற்றிக்கொண்டு, வந்த சேதியைக் கேட்டுப் போவார்கள். போன் அடித்தால் சாலம்மாள் பையைக் கழற்றாமல், எழுந்து காதைக் கொடுத்துப் பேசுவாள். வந்த சேதி, ஓ.டி.பி. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைப்பாள்.

ராஜாங்கம் விடவில்லை. "ஓ.டி.பி.ய யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு தெரியாதா உனக்கு?"

"யாருக்கும் சொல்றதில்லீங்களே. அவங்கவங்களுக்குத்தான் சொல்றேன்."

ராஜாங்கம் தோளிலிருந்த சாக்கை இறக்கிக் கீழே வைத்தார்.

பூமாலை பாறையில் உட்கார்ந்துவிட்டார். கும்பல் இல்லை என்றால் லீவும் இல்லை. மகளுக்குக் காது குத்தும்போதாவது போய்ச் சேருவோமா என்று நினைத்துக்கொண்டார். டி.எஸ்.பி.க்குத் தகவல் சொல்லலாம் என்றால் கையிலிருந்த போனில் ஒரு கோடுகூட இல்லை. சாலம்மாள் ஒரு பையைக் கொடுத்தாள். அவரும் போனைப் போட்டு, கிளையில் மாட்டினார். டவர் வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும் என்றாள். முகம் கழுவ இருவரும் சுனைக்கு இறங்கிப் போனார்கள்.

திரும்பி வந்தபோது சாலம்மாள் நோட்டைப் பிரித்து வைத்திருந்தாள்.

"டி.எஸ்.பி.ன்னு ஒருத்தர் பேசினாருங்க. கும்பல்ல புதுசா ஒரு நம்பரு சேந்துச்சாம், யாருன்னு பாக்கப் போட்டாராம், அது உங்க நம்பராம். நான் மரத்து விசயத்தச் சொன்னேன், ரொம்ப நேரம் சிரிச்சாரு. சொல்லச் சொல்ல எழுதிக்கினேன், படிக்கறேன் கேளுங்க: 'நாப்பத்தி நாலாவது குற்றவாளியை உடனே பத்து நாளு திருநாவலூர்ல அடைச்சு வைக்கவும்.'"

படித்து முடித்துவிட்டு அவள் கவலையோடு பூமாலையை நிமிர்ந்து பார்த்தாள். "பாத்தா நல்லவரா இருக்கறீங்க. இன்னாங்க தப்பு பண்ணீங்க?"