ஃபாயிலைப் பிரித்தது யார்?

"சார், பச்சை! பச்சைப் பசேல்னு மின்னுது சார்! சீக்கிரம் வாங்க!"

ஹெப்சி போட்ட சத்தத்தில் அந்தத் தாம்பரம் கல்லூரியின் மூன்றாவது மாடியே அதிர்ந்தது. பேராசிரியர் ராஜாராமன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்து நுண்ணோக்கியில் குனிந்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் பல்.

பச்சை என்றால் வெற்றி. செல்லுக்குள் ஒரு ஜீனை அனுப்ப வேண்டும். அது உள்ளே போய் வேலை செய்தால் செல் பச்சையாக மின்னும். அதைச் சுமந்து போக ஹெப்சி நம்பியிருந்தது போர்பைரின் என்ற பொருளை. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கிறதே, அதன் வம்சம். மூன்று வருடமாக அதுவும் சமர்த்தாகச் சுமந்துதான் போனது. ஆனால் பொல்லாத செல், வந்த ஜீனை ஒரு குட்டிப் பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிடும். ஜீனும் வெளியே வராது. ஹெப்சிக்கு டாக்டர் பட்டமும் வராது.

"நேத்துதான் சார், தலைப்பையே மாத்துன்னு ரெண்டு மணி நேரம் திட்டினீங்க." ஹெப்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"அதை விடும்மா. இது எந்தத் தட்டு?"

"கெட்டுப்போச்சுன்னு நேத்து கத்தினேனே, அதே தட்டுதான் சார்."

போர்பைரின் மேல் வெளிச்சம் பட்டால் செல் செத்துவிடும் என்று பயந்து, செல் வளரும் தட்டுகளை எல்லாம் அலுமினிய ஃபாயிலில் சுற்றி, மேலே மார்க்கரால் "தொட்டால் தொலைந்தீர்கள் – ஹெப்சி" என்று எழுதி வைப்பது அவள் வழக்கம். நேற்று மதியம் ஒரு மணிக்கு ராஜாராமன் போனில் கூப்பிட, தட்டை ஜன்னலோர மேஜையில் விட்டுவிட்டு, பாதிச் சாப்பாட்டில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மூன்று மணிக்குத் திரும்பி வந்தால், தட்டு மொட்டையாகக் கிடக்கிறது. ஃபாயிலைக் காணோம். அவள் ஆடிய ஆட்டத்தில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. தூக்கி எறிய மனசு வராமல், செல் வளர்க்கும் இருட்டுப் பெட்டிக்குள்ளேயே அதை மறுபடி வைத்திருந்தாள்.

"வெளிச்சம்தான்மா வேலை பண்ணியிருக்கு!" ராஜாராமன் மேஜையைத் தட்டினார். "வெளிச்சம் பட்டதும் போர்பைரின் அந்தப் பையைக் கிழிச்சிருக்கு. செல்லும் சாகல. ஆனா எவ்வளவு நேரம் வெளிச்சம் பட்டுது? அது தெரியாம எப்படித் திருப்பிச் செய்வே? போர்பைரின் எவ்வளவு மிச்சம்?"

"இன்னும் ஒரே ஒரு தட்டுக்குத்தான் சார் இருக்கு."

"அப்போ ஃபாயிலைப் பிரிச்ச ஆளைப் பிடி. ஓடு!"

ஹெப்சி வராந்தாவில் நின்று கூவினாள். "நேத்து என் ஃபாயிலை எடுத்தது யாரு? எப்போ எடுத்தீங்க? சத்தியமா திட்ட மாட்டேன்! கட்டுரைல உங்க பேரும் வரும்!"

'நான் எடுக்கல' என்று நேற்று தன் பிள்ளை மேல் ஆணையிட்ட ஆய்வக உதவியாளர் மாரிதான் முதலில் வந்தார். "நான்தான் மேடம். வூட்லேர்ந்து வவ்வாலு மீனு வறுத்து எடுத்தாந்தேன், மடிக்க ஒண்ணும் கெடைக்கல. ரெண்டு மணி இருக்கும். நேத்து பண்ண சத்தியத்த வாபஸ் வாங்கிக்கிறேன்."

"அவரு சும்மா சொல்றாரு! எடுத்தது நான், ரெண்டரை மணிக்கு," என்றான் பக்கத்து மேஜை ஆராய்ச்சியாளன் வினோத்குமார். "எதுக்குன்னு மட்டும் கேக்காதே. பேரை முழுசாப் போட்டுடு."

ராஜாராமன் தொண்டையைக் கனைத்தார். "நான்கூட அந்தப் பக்கமா வந்த மாதிரி ஒரு ஞாபகம்..."

"சார்! ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் நீங்க என்னைத் திட்டிக்கிட்டு இருந்தீங்க!"

நேற்று நாதியற்றுக் கிடந்த குற்றத்துக்கு இன்று மூன்று சொந்தக்காரர்கள். ஆளுக்கொரு கதை. எதை நம்புவது? சொன்னதையெல்லாம் குறித்தாவது வைப்போம் என்று, நோட்டுக்காக நேற்றிலிருந்து திறக்காத பையைத் திறந்தாள் ஹெப்சி. குப்பென்று ஒரு வாடை. உள்ளே கையை விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா மேடம் ஆச்சு?" என்றார் மாரி.

"நேரம் தெரிஞ்சுபோச்சு." அவள் குரல் முதலில் தயங்கியது, பிறகு துள்ளியது. "சரியா ரெண்டு மணி நேரம் சார்! ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும்! இப்பவே அடுத்த தட்டைப் போட்டுடலாம்!"

"சபாஷ்! யாரும்மா எடுத்தது?"

ஹெப்சி அசடு வழியச் சிரித்தாள். பையிலிருந்து, ஊசிப்போன பாதி முட்டைச் சப்பாத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதைச் சுற்றியிருந்த பளபள ஃபாயிலின் மேல் கொட்டை எழுத்தில் இருந்தது: "தொட்டால் தொலைந்தீர்கள் – ஹெப்சி."