மூன்றாவது ராணி

அந்தப்புர நாடகம் என்றால் காரிமங்கலம் சந்தையில் புளி விற்பவன்கூடத் தராசைக் கவிழ்த்துவிட்டு வந்துவிடுவான். கொட்டகை நிரம்பியிருந்தது.

திரைக்குப் பின்னால் மீசை ஒட்டிக்கொண்டிருந்த ராஜபார்ட், நாடகக் கம்பெனி முதலாளி மல்லையன் கூட்டி வந்த பெண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“யாருங்க இது?”

“புது ராணி. பழைய ராணிங்க ரெண்டு பேரையே வச்சு எத்தன ஊருக்கு ஓட்டறது? ஜனம் புது மொகம் கேக்குது.”

“போன தடவயும் இதத்தான் சொன்னீங்க.”

“ராணிங்க கூடினா ராஜாவுக்குக் கசக்குதா?” மல்லையன் சிரித்தார்.

“கால்ல வுழறேங்க. இவள வூட்டுக்கு அனுப்பிடுங்க. அந்த ரெண்டு பேரு கண்ணீரே எனக்குத் தாங்கல.”

“எப்படி அனுப்பறது? காலையில தீர்த்தமலைக் கோயில்ல தாலி கட்டிட்டேனே!”

புதுப்பெண் குனிந்து ராஜாவின் காலைத் தொட்டாள்.

“ஆசீர்வாதம் பண்ணுங்க அக்கா. மூத்த சம்சாரம் நீங்கதானாமே.”

ஏற்கெனவே இதேபோல் அந்தக் காலைத் தொட்டவர்களான, ஓரமாக நின்றிருந்த இரண்டு ராணிகளும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மணி அடித்தது. ராஜா தன் தாலியை அங்கிக்குள் தள்ளிவிட்டு, மீசையை அழுத்திக்கொண்டு மேடையேறினாள்.

“யாரங்கே! நம் புதிய ராணியை அந்தப்புரத்துக்கு அழைத்து வாருங்கள்!”

“குடுத்து வச்ச ராஜாடா!” என்று முன்வரிசையில் ஒருவன் பெருமூச்சு விட்டான்.